பிரசவ லீவு சம்பளம் யார் தலையில்?

ஒன்றியத் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். 2017-ல் பேறுகால விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. அதில் ஒரு நாளைக் குறைக்கக்கூட இன்றைக்கும் சம்மதிக்க மாட்டேன். அந்த 26 வாரச் சம்பளத்தை யார் தலையில் கட்டியிருக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

மாதம் 21,000 ரூபாய் வரை வாங்கும் பெண் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் இருந்தால், விடுப்புக்கால ஊதியத்தை இ.எஸ்.ஐ.யே கொடுத்துவிடுகிறது. ஆண், பெண், கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்று பார்க்காமல் அதில் உள்ள எல்லார் சம்பளத்திலும் 0.75 சதவீதம் பிடித்து, முதலாளி 3.25 சதவீதம் போட்டுச் சேர்த்த பணம் அது. நல்ல ஏற்பாடு. அதே கம்பெனியில் 22,000 வாங்குகிற பெண் என்றால்? ஆறு மாதச் சம்பளம், ஏறக்குறைய 1,32,000 ரூபாய், முழுக்க முதலாளி கையிலிருந்து. அவர் இடத்துக்கு ஆள் போட்டால் அந்தச் சம்பளம் வேறு.

பன்னிரண்டு பேரை வைத்து அச்சகம் நடத்துகிறவர் என்ன கணக்குப் போடுவார்? இன்டர்வியூவில் "கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்மா?" என்று கேட்பது இந்தக் கணக்கால்தான். நாகரிகமானவர்கள் கேட்க மாட்டார்கள். அப்புறம் போனும் வராது. விடுப்பில் இருப்பவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்கிறது சட்டம். எடுக்காமலே விட்டுவிட்டால் காரணத்தை எப்படி நிரூபிப்பது?

இது உங்கள் அமைச்சகத்துக்குத் தெரியாததும் இல்லை. கூடுதலாக்கிய வாரங்களில் ஏழு வாரச் சம்பளத்தை முதலாளிகளுக்குத் திருப்பித் தரும் திட்டம் தயாராவதாக 2018 நவம்பரில் அறிவித்ததே உங்கள் அமைச்சகம்தான். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. 2025 நவம்பர் 21-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. அதிலும் பாரம் முதலாளி தலையில்தான். இந்தப் பணத்தைத் தனி முதலாளி மேல் சுமத்தாமல் சமூகக் காப்பீட்டிலிருந்தோ அரசு நிதியிலிருந்தோ கொடுங்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2000-ஆம் ஆண்டிலேயே 183-ஆவது உடன்படிக்கையில் சொல்லிவிட்டது. இந்தியா அதில் இன்னும் சேரவில்லை.

சரி, அப்பாக்கள்? உங்கள் அமைச்சகத்திலேயே வேலை பார்க்கும் ஆணுக்குச் சம்பளத்துடன் 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் துறை அப்பாவுக்குச் சட்டத்தில் ஒரு நாள்கூட இல்லை. முதலாளி மனசு வைத்தால் உண்டு. சிசேரியன் ஆன மனைவியை மாமியாரிடம் விட்டுவிட்டு மூன்றாம் நாளே ஷிப்டுக்கு ஓடுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆணும் விடுப்பில் போவான் என்றானால், பெண் மட்டுமே 'ரிஸ்க்' என்ற எண்ணமும் கொஞ்சம் தளரும்.

எனவே, பேறுகாலப் பலனுக்கு மட்டுமாவது 21,000 ரூபாய் வரம்பை எடுத்துவிடுங்கள். எல்லார் சம்பளத்திலும் சிறு தொகை பிடித்து, அரசும் தன் பங்கைப் போட்டு, அந்த நிதியிலிருந்து அம்மாவுக்கு 26 வாரமும் அப்பாவுக்கு 15 நாளும் கொடுங்கள். அதற்கான சட்டத் திருத்தத்தை எந்தக் கூட்டத்தொடரில் கொண்டுவருவீர்கள் என்று பதில் எழுதினால் போதும்.

இப்படிக்கு,
தனியார் நிறுவன ஊழியர் ஒருத்தி,
கோயம்புத்தூர்