ரோலைகார்ட் வாங்கு, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் உள்ள பழைய ஃபிலிம் கேமராக்களில் ரோலைஃப்ளெக்ஸ் 2.8எஃப் வாங்கட்டுமா, மினோல்டா ஆட்டோகார்ட் வாங்கட்டுமா என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாய். இரண்டும் வேண்டாம், ரோலைகார்ட் வாங்கு. ஆனால் காரணம் தெரியாமல் நீ எதையும் செய்யமாட்டாய் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவிடமும் கேட்டேன். "அவளுக்குத் தெரியாததா" என்றார், அவ்வளவுதான். தஞ்சாவூர்க் கல்யாணத்துக்கு அப்புறம் கேமரா பேச்சு எடுத்தால் அவர் எப்படி இருப்பார் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் நீ கேட்டதில் அவருக்குச் சந்தோஷம். அன்று சாயங்காலம் ஸ்டுடியோ அறையைத் திறந்து விளக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

2.8எஃப் நல்ல கேமரா, மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் விலையை இப்போது ஏற்றி வைத்திருப்பவர்கள் படம் எடுப்பவர்கள் அல்ல, சேர்த்து வைப்பவர்கள். 2.8 லென்ஸுக்கும் 3.5 லென்ஸுக்கும் ஒளியில் ஒரு ஸ்டாப், அதாவது ஒரு படி வித்தியாசம்கூட இல்லை. லென்ஸின் துளையை எட்டு, பதினொன்றில் வைத்து எடுத்தால் பிரின்ட்டில் எது எந்த லென்ஸ் என்று என்னாலேயே சொல்ல முடியாது. அவ்வளவு காசு போட்டு வாங்கினால் மழைக்கு வெளியே எடுக்கமாட்டாய், கூட்டத்தில் தோளில் மாட்டமாட்டாய். பெரியத்தையின் வீணை என்ன ஆனது என்று பார்த்தவள்தானே நீ. ஆட்டோகார்டின் ரொக்கார் லென்ஸும் கூர்மையானதுதான். ஆனால் ஃபோகஸ் செய்வதற்கு லென்ஸுக்குக் கீழே ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். உள்ளே பழைய கிரீஸ் இறுகிப்போனதைக் கவனிக்காமல் யாராவது அழுத்தித் தள்ளினால் முறிந்துவிடும். அப்படி முறிந்தவை நிறைய. அந்த நெம்புகோல் வெண்ணெய் மாதிரி நகர்ந்தால் மட்டும் யோசி.

யாஷிகா மேட் 124ஜி பற்றியும் கேட்பாய், நம் வீட்டில் இருந்த கேமரா அல்லவா. 1970லிருந்து 1986 வரை செய்தார்கள். உழைத்த கேமரா. ஆனால் அதில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தது, அந்த பேட்டரியை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. மீட்டரை மறந்துவிட்டு எடுக்கலாம், தப்பில்லை. அப்பாவுடைய யாஷிகா தம்பியிடம் இருக்கிறது. அதை மட்டும் அவனிடம் கேட்காதே.

இப்போது ரோலைகார்ட். ஜெர்மனியில் நீ இருக்கிற ஹனோவரிலிருந்து ப்ரான்ஷ்வைக் ரயிலில் ஒரு மணி நேரம்கூட இல்லை. ஃப்ராங்கே, ஹைடெக்கே என்ற இருவர் 1920ல் அங்கே தொடங்கிய கம்பெனியில்தான் 1929ல் முதல் ரோலைஃப்ளெக்ஸ் வந்தது. அதன் விலை கட்டுப்படியாகாதவர்களுக்காக 1933ல் ரோலைகார்ட் செய்தார்கள். உன் ஊர்ப் பக்கத்தில் எத்தனையோ தாத்தாக்கள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மலையேறியிருப்பார்கள். அங்கே கிடைப்பது போல வேறெங்கும் கிடைக்காது. வி.ஏ. அல்லது வி.பி. மாடல் பார். 75 மில்லிமீட்டர் ஜீனார் லென்ஸ் இருக்கும், நான்கு கண்ணாடி உள்ளது, முகத்துக்கு ரொம்ப நல்லது. ஃபிலிமைச் சுற்றக் கைப்பிடி கிடையாது, குமிழைத் திருக வேண்டும். ஷட்டரைத் தயார் செய்ய லென்ஸுக்குக் கீழே உள்ள நெம்புகோலை ஒரு பக்கம் தள்ளுவாய், அதையே மறு பக்கம் தள்ளினால் படம் விழும். மெதுவான வேலை. உள்ளே பல்சக்கரம் குறைவு, அதனால் கெடுவதும் குறைவு.

சோதிக்காமல் வாங்காதே. ஷட்டரை ஒரு விநாடியில் வைத்துத் தட்டிப் பார். நாள்பட்டுக் கிடந்த கேமரா அந்த ஒரு விநாடியில்தான் திக்கும். விநாடியில் 125ல் ஒரு பங்கு வேகத்தில் ஒழுங்காக ஓடுவதை மட்டும் காட்டி விற்பார்கள். பின்மூடியைத் திறந்து, ஷட்டரை பி.யில், அதாவது விரலை எடுக்கும் வரை திறந்தே இருக்கும் நிலையில், பிடித்துக்கொண்டு, டார்ச் அடித்து லென்ஸைப் பார். தூசி பரவாயில்லை. சிலந்தி நூல் போல இழை ஓடினால் பூஞ்சை, பனி படர்ந்த மாதிரி இருந்தால் உள்ளே மங்கல். இரண்டில் எது இருந்தாலும் மரியாதையாக வைத்துவிட்டு வந்துவிடு. மேலே மூடியைத் திறந்து பார்க்கிற கண்ணாடி மங்கியிருந்தால் பயப்படாதே, அதை மாற்றலாம். தூரத்து மாதாகோவில் கோபுரத்துக்கு ஃபோகஸ் செய், குமிழில் உள்ள எண் முடிவிலிக் குறிக்கு வருகிறதா பார். வராவிட்டால் மேல் லென்ஸும் கீழ் லென்ஸும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். உனக்கு மேலே தெளிவாகத் தெரியும், ஃபிலிமில் மங்கலாக விழும். செல்ஃப் டைமரைத் தொடவே தொடாதே, பழைய ஷட்டர் அதில்தான் பாதி வழியில் நின்றுவிடும். ஷட்டர் வேகம் 500 வேண்டுமென்றால் ஷட்டரைத் தயார் செய்வதற்கு முன்பே வைத்துக்கொள். வாங்குகிற விலையோடு சர்வீஸ் செலவையும் கூட்டிக்கொள். திரும்பவும் சொல்கிறேன், படத்தைப் பார்த்து ஆர்டர் போடாதே, கையில் பிடித்துப் பார்த்து வாங்கு. தனியாகப் போகாதே, யாரையாவது கூட்டிக்கொண்டு போ. மாப்பிள்ளைக்கு நேரம் இருந்தால் அவரோடு போ.

இந்த மாதிரி கேமரா உனக்குப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். நம் ஸ்டுடியோவுக்குப் பெண்கள் ஏன் தயங்காமல் வந்தார்கள் என்று நினைக்கிறாய்? நான் இருந்தேன் என்பது ஒரு காரணம். இன்னொன்று அந்த கேமரா. அப்பா இடுப்பளவில் பிடித்துத் தலையைக் குனிந்து உள்ளே பார்ப்பார். எதிரில் உட்கார்ந்திருப்பவளை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. அவள் மூச்சு சீராகும், தோள் இறங்கும். குழந்தைகளுக்கும் அப்படித்தான், கேமரா அவர்கள் உயரத்திலேயே இருக்கும். இன்னொரு விஷயம். ஒற்றை லென்ஸ் கேமராவில் படம் விழுகிற நொடியில் உள்ளே இருட்டாகிவிடும், கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும். இதில் அந்த நொடியையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மணப்பெண் கண்ணை மூடிவிட்டாளா என்று அப்போதே தெரியும். வலம் இடமாகத் தெரிவது மட்டும் முதலில் கஷ்டம். ஆளை இடப்பக்கம் நகர்த்த நினைத்து கேமராவைத் தப்பான பக்கம் திருப்புவாய். சில ரோல் போனதும் கை பழகிவிடும். நீ எட்டாம் வகுப்பிலேயே இருட்டறையில் எங்கள் பையனைவிட வேகமாக ரீலில் ஃபிலிம் ஏற்றியவள். உனக்கு இதெல்லாம் ஒன்றுமேயில்லை.

ஒரு ரோலுக்கு 12 படம். அந்தப் பன்னிரண்டையும் ஜன்னலுக்கும் நாற்காலிக்கும் கொடுத்துவிடாதே. பொங்கலுக்கு அப்புறம் நீ போனில் அனுப்பிய படங்களை வரிசையாகப் பார்த்தேன். ஜன்னல், பனி விழுந்த தெரு, டிராம் நிறுத்தம், ரொட்டி, திரும்ப ஜன்னல். ஒன்றில்கூட ஆள் இல்லை. நல்ல படங்கள்தான், வெளிச்சத்தைப் பிடித்திருக்கிறாய், அப்பாவும் அதைத்தான் சொன்னார். ஆனால் நான் வருஷக்கணக்காக நெகட்டிவில் பென்சில் பிடித்து டச்சிங் செய்தவள். என் கண் நடுவில் நிற்காது, ஓரத்துக்குத்தான் போகும். வாசல் கதவுக்குப் பக்கத்தில் எடுத்தாயே, அதில் கொக்கியில் ஒரு கோட்தான் தொங்கியது. கீழே செருப்பும் உன்னுடையது மட்டும்தான். குளிர்காலத்தில் எடுத்த படம். ஒருவர் வெளியே போயிருந்தால் கோட்டையும் போட்டுக்கொண்டுதான் போயிருப்பார், அதுவும் சரிதான். அப்பாவின் பிறந்தநாளைக்கு மாப்பிள்ளை போன் செய்யவில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று அப்பாவிடம் நானே சொல்லிவிட்டேன்.

சரி, கேமராவுக்கு வருகிறேன். ஃபிலிம் 120 என்று கேட்டு வாங்கு. டப்பா இருக்காது, காகிதம் சுற்றிய ரோல், அதனால் நிழலில் நின்று மாட்டு. காகிதத்தில் உள்ள அம்புக்குறி கேமராவுக்குள் இருக்கும் புள்ளிக்கு நேராக வந்ததும் மூடியைச் சாத்து. உங்கள் ஊர் வெளிச்சத்துக்கு 400 வேக ஃபிலிம்தான் சரி, இல்ஃபோர்ட் ஹெச்பி5 அல்லது கோடக் ட்ரை-எக்ஸ். மாயவரம் வெயிலில் 100 ஃபிலிமுக்குத் துளை பதினாறும் ஷட்டர் 125ம் என்று கண்ணை மூடிக்கொண்டு வைப்போம், அங்கே அந்தக் கணக்கு செல்லாது. அப்பாவுக்கு இன்னும் ஊட்டித் தொழிற்சாலையில் செய்த ஃபிலிம் மேல்தான் ஆசை. அது வராமல் போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. முகம் எடுக்கும்போது ஒரு மீட்டருக்குள் போகாதே. நீ பார்ப்பது மேல் லென்ஸ் வழியாக, படம் விழுவது கீழ் லென்ஸ் வழியாக. ரோலைகார்டில் அதற்கு ஒரு சட்டம் உள்ளே தானாக நகரும் என்றாலும் கிட்டே போனால் கவனம் வேண்டும்.

நீ எனக்கு ஒருமுறை சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே ரோலைஃப்ளெக்ஸில் படம் எடுத்த விவியன் மையர் பற்றிச் சொன்னாய், நினைவிருக்கிறதா? 2007ல் அவருடைய பெட்டிகளை வாடகை பாக்கிக்காக ஏலம் விட்ட பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. லட்சத்துக்கு மேல் நெகட்டிவ். கழுவாமலே கிடந்த ரோல்கள் நூற்றுக்கணக்கில். 2009ல் அவர் இறந்தபோது யாருக்கும் அவரை இந்த வகையில் தெரியாது. நீ அவரை வியந்து பேசினாய். நான் அன்று பேசாமல் இருந்தேன், இன்று சொல்கிறேன். அவர் படங்கள் அபாரம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவ்வளவையும் ஒருவரிடமும் காட்டாமல் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்தது எனக்குப் பெருமையாகப் படவில்லை. காட்டுவதற்கு ஒரு ஆள் இல்லாமல் போயிற்றே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. உனக்கு அப்படி இல்லை. உனக்கு நாங்கள் இருக்கிறோம். ரோல் முடிந்தால் கழுவு, கழுவினால் அனுப்பு. நன்றாக வந்ததை மட்டும் பொறுக்கி அனுப்பாதே, மங்கலாக வந்ததையும் அனுப்பு. டச்சிங் செய்தவளுக்கு அதெல்லாம் பழக்கம்தான்.

மையர் நிலைக்கண்ணாடியில் தன்னைத்தானே எடுத்த படங்கள் எனக்கு ரொம்பப் பிடித்தவை. கேமரா வயிற்றளவில் இருப்பதால் முகம் மறையாது. மற்ற கேமராவில் அது நடக்காது, கண்ணும் மூக்கும் கேமராவுக்குப் பின்னால் போய்விடும். முதல் ரோலில் ஒன்றே ஒன்று அப்படி எடு. ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நில். ஃபோகஸ் கண்ணாடியின் சட்டத்துக்கு வைக்காதே, உன் கண்ணுக்கு வை. தலை வாரியிருக்க வேண்டும் என்று அவசியமில்லை. வீட்டில் வேறு யாராவது இருந்தால் அவரையும் நிற்க வை. இல்லாவிட்டால் நீ மட்டும் நின்றாலும் சரி, எனக்கு அது போதும்.

இங்கே எல்லோரும் நலம். கிணற்றுக்கு மோட்டார் மாற்றினோம். தம்பி பெண்ணுக்குக் காது குத்து ஆவணியில். உன்னால் வர முடிந்தால் வா, டிக்கெட் காசு பற்றி யோசிக்காதே, அப்பா தனியாக எடுத்து வைத்திருக்கிறார். தனியாக வந்தாலும் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், கேட்கவிடமாட்டேன். வரும்போது ஃபிலிமைக் கைப்பையில் வை, பெட்டியில் போட்டு அனுப்பாதே. விமான நிலையத்தில் மெஷினுக்குள் விடாமல் கையால் பார்க்கச் சொல்லிக் கேள். புது ஸ்கேனர்கள் ஃபிலிமைக் கெடுத்துவிடும்.

ஸ்டுடியோவில் இருந்த செகானிக் மீட்டரை உனக்கு அனுப்பலாம் என்று அப்பாவே எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறார். பேட்டரி வேண்டாம், வெளிச்சம் பட்டாலே முள் நகரும். கூட சாம்பார்ப் பொடியும் வடகமும் வைக்கிறேன். பார்சலில் எழுத விலாசம் மட்டும் சொல்லு. பழைய விலாசமேதானா, இல்லை மாறியிருக்கிறதா? மாறியிருந்தால் புதியதை எழுது, பெயரும் எப்படிப் போட வேண்டும் என்று எழுது. வேறெதுவும் இப்போதே எழுத வேண்டும் என்றில்லை.

அம்மா