ஸ்கோக்ஹோம் தீவுக்காரர்களுக்கு, கொஞ்சம் தாமதமாக

வணக்கம்.

1952-இல் வேல்ஸ் கரையோரத்து உங்கள் தீவின் மாங்க்ஸ் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவை ஒன்றை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், பாஸ்டனில் பறக்கவிட்டார்கள். 'விட்டாயிற்று' என்று அங்கிருந்து போட்ட கடிதம் வந்து சேருமுன்பே, பன்னிரண்டரை நாளில், அது மண்ணுக்குள் கூடுவைத்திருக்கும் தன் வளைக்குத் திரும்பிவிட்டது. நான் உங்கள் தீவிலிருந்து கரையேறி இரண்டு மாதமாகிறது. இப்போதுதான் மடல். தமிழில் எழுதுவது உங்களில் ஒருவருக்கும் புரியாது என்று தெரியும். ஆனால் ராத்திரியெல்லாம் நான் எண்களைத் தமிழில் முணுமுணுத்ததைப் பொறுத்துக்கொண்டீர்களே, இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படகுக்காரருக்கு முதல் நன்றி. காற்று சரியில்லை என்று இரண்டு நாள் வராமலே இருந்தீர்கள். அப்போது திட்டினேன், இப்போது கும்பிடுகிறேன்.

வார்டன்கள் இருவருக்கும்: "பாதையை விட்டு ஓர் அடிகூட வைக்காதீர்கள்" என்று முதல் நாளே சொன்னீர்கள். மூன்றாம் நாள் ஒரு படத்துக்காக வைத்தேன். முழங்கால் வரை மண்ணுக்குள் போனது. உள்ளே ஒரு குஞ்சு. நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. மண்டியிட்டு, கைவிட்டுக் குஞ்சு பத்திரமாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, இடிந்த கூரைக்குப் பலகை வைத்து, மேலே புல்கட்டியை மூடினீர்கள். திட்டியிருந்தால் இவ்வளவு உறைத்திருக்காது.

இனி, பறவைகளின் காலில் எண் பொறித்த வளையம் போடும் அக்காவுக்கு. (அப்படிக் கூப்பிட்டதற்குக் காரணம் கேட்டீர்கள், மரியாதைதான்.) உரிமம் இல்லாத என் கையில் வளையத்தைத் தர முடியாது, நோட்டைத் தரலாம் என்றீர்கள். ஷியர்வாட்டருக்குக் கால்கள் உடம்பின் பின்கோடியில். நீந்தத் தோது, நடக்கத் தடுமாற்றம். பகலில் தரையிறங்கினால் கருமுதுகுக் கடற்காகம் விடாது. அதனால் நிலா இல்லாத நடுச்சாமத்தில்தான் நம் வேலை. இருட்டில் தலைக்கு மேல் கழுத்தை நெரித்தாற்போலக் கத்தல்கள், தொப்பென்று விழும் சத்தம். குறடு ஒருமுறை அழுந்தும்; வளையம் காலில் தாராளமாகச் சுழல்கிறதா என்று விரலால் உருட்டிப் பார்ப்பீர்கள்; பிறகு எண்ணை வாசிப்பீர்கள். நான் எழுதித் திருப்பிச் சொல்ல வேண்டும்.

ஒரு ராத்திரி தூக்கக் கலக்கத்தில் 38-ஐ 83 என்று எழுதினேன். "இன்னொரு தடவை" என்றீர்கள். தவறைத் திருத்திய பிறகுதான் பறவையைக் கீழே விட்டீர்கள். வட அயர்லாந்தின் கோப்லண்ட் தீவில் 1953-இல் வளையமிட்ட ஷியர்வாட்டர் ஒன்று 2003-இல் மறுபடி கையில் சிக்கியது என்று தேநீர் ஆறும்வரை சொன்னீர்கள். அன்று நோட்டுப் பிடித்தவரும் என்னைப்போல் தூங்கி வழிந்திருந்தால், ஐம்பது வருஷம் பறந்த அந்தப் பறவை யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். என் சட்டைக்கையில் குஞ்சு கக்கிய எண்ணெய் நாற்றம் எத்தனை முறை துவைத்தும் போகவில்லை. போக வேண்டாம்.

சமையலறையில் என் பாத்திரத்தையும் சேர்த்துக் கழுவியவர்களுக்கும், அன்றன்று பார்த்த பறவைகளின் மாலைக் கணக்கெடுப்பில் நான் "ஒன்று" என்று ஏதோ ஒரு பறவையைச் சொன்னபோது சிரிக்காமல் "என்ன அடையாளம்?" என்று கேட்டவர்களுக்கும் நன்றி.

கடைசியாக ஒன்று. உங்கள் சிவப்புத் தலைவிளக்கு என் பையிலேயே வந்துவிட்டது. நேற்று தபாலில் சேர்த்திருக்கிறேன். மின்கலம் புதிது.