கிராவின் பக்கம் நிற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களே,

‘டெத் நோட்’ அனிமே ஜப்பானியத் தொலைக்காட்சியில் 2006 அக்டோபரில் தொடங்கி 2007 ஜூனில் முடிந்துவிட்டது. மொத்தம் 37 எபிசோடுகள். முகம் தெரிந்த ஒருவரின் பெயரை எழுதினாலே அவரைக் கொன்றுவிடும் நோட்டு ஒன்று லைட் யாகமி என்ற மாணவன் கையில் கிடைக்கிறது, அதை வைத்துக் குற்றவாளிகளைக் கொல்லும் அவனை ஊர் ‘கிரா’ என்று அழைக்கிறது, அதுதான் கதை. உங்கள் வாதம் மட்டும் இன்னும் முடியவில்லை. “லைட் யாகமி செய்ததில் என்ன தப்பு? கெட்டவர்களைத்தானே கொன்றான்?” என்று இன்றைக்கும் கேட்கிறீர்கள். அதற்குத்தான் இந்த மடல். தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், கடைசிக் காட்சி வரை பேசப்போகிறேன்.

லைட்டை ஏன் பிடிக்கிறது என்று எனக்குப் புரிகிறது. 17 வயசு, படு புத்திசாலி, போலீஸ் அதிகாரியின் மகன். ரியூக் என்ற ஷினிகாமி (மரண தேவன்) கீழே போட்ட நோட்டில் அவன் முதலில் எழுதும் பெயர், சின்னக் குழந்தைகளைப் பிணையாக அடைத்து வைத்திருக்கும் ஒருவனுடையது. 40 வினாடி, மாரடைப்பு, குழந்தைகள் வெளியே வந்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் யார்தான் கைதட்ட மாட்டார்கள்? கதாசிரியர் ட்சுகுமி ஓபா நமக்கு வைத்த பொறி அது என்று நினைக்கிறேன். குற்றவாளியைக் கண்ணெதிரே காட்டிவிட்டதால், இவன்தானா என்ற கேள்வியே நமக்கு வருவதில்லை.

ஆனால் இரண்டாவது எபிசோடிலேயே உங்கள் வாதம் உடைந்துவிடுகிறது. லிண்ட் எல். டெய்லர் என்பவன் டிவியில் தோன்றி, கிரா செய்வது தீமை என்கிறான். லைட் அவனை யாரென்று நினைத்தான்? சட்டத்தின் பக்கம் நின்று தன்னைத் தேடும் துப்பறிவாளன் என்று. அப்படி நினைத்துக்கொண்டுதான் பெயரை எழுதினான். அவன் மரண தண்டனைக் கைதி என்பதும், கிராவை உண்மையில் தேடும் ‘எல்’ என்ற துப்பறிவாளர் போட்ட தூண்டில் என்பதும் செத்த பிறகுதான் லைட்டுக்குத் தெரிகிறது. அதிகாரம் கொஞ்சம் கொஞ்சமாக லைட்டைக் கெடுத்தது என்று சொல்பவர்களும் உண்டு. எங்கே கொஞ்சம் கொஞ்சமாக? தன்னைத் திட்டியவனைக் கொல்ல அவனுக்கு ஒரு எபிசோடு போதுமானதாக இருந்தது. அப்புறம் எஃப்.பி.ஐ. ஆட்கள் 12 பேர். அப்புறம் நவோமி மிசோரா. காதலன் எப்படிச் செத்தான் என்று கேட்டுக்கொண்டு வந்தவளை ‘கெட்டவர்கள்’ பட்டியலில் எப்படிச் சேர்ப்பீர்கள்?

சரி, அவர்களை எல்லாம் விட்டுவிடுவோம். குற்றவாளிகளை மட்டும் பார்ப்போம். அவர்கள் குற்றவாளிகள் என்று லைட்டுக்கு யார் சொன்னது? டிவி செய்தி, இணையம், அப்பாவின் கணினியிலிருந்து திருடிய போலீஸ் தகவல். நோட்டுக்கு வேண்டியது பெயரும் முகமும்தான். சாட்சி கேட்காது.

இந்தக் கதை பிறந்த ஜப்பானிலேயே இவாவோ ஹகமடா என்றொருவர் இருக்கிறார். முன்னாள் குத்துச்சண்டை வீரர். 1966இல் ஷிசுவோகா பகுதியில் மிசோ (சோயா விழுது) தயாரிக்கும் நிறுவனத்தின் நிர்வாகி ஒருவர் குடும்பத்தோடு கொல்லப்பட்டார், வீட்டுக்கும் தீ வைக்கப்பட்டது. இறந்தவர்கள் நான்கு பேர். அங்கே வேலை பார்த்த ஹகமடா கைதானார். நாள்கணக்கில் நடந்த விசாரணையில் ஒப்புக்கொண்டார், நீதிமன்றத்தில் மறுத்தார். கொலை நடந்து ஓராண்டுக்கும் மேலான பிறகு மிசோ தொட்டிக்குள்ளிருந்து ரத்தக்கறை படிந்த துணிகள் ‘கிடைத்தன’. 1968இல் மரண தண்டனை. அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்த நீதிபதிகளில் ஒருவரே, அவர் நிரபராதி என்றுதான் தனக்குத் தோன்றியது என்று 2007இல் வெளிப்படையாகச் சொன்னார். 2014இல் ஹகமடா விடுவிக்கப்பட்டார். மறுவிசாரணை முடிந்து 2024 செப்டம்பரில், அந்தத் துணிகள் விசாரணை அதிகாரிகள் புனைந்த சாட்சியம் என்று கூறி நீதிமன்றம் அவரை நிரபராதி என்றது. அப்போது அவருக்கு வயது 88. அத்தனை ஆண்டுகளும் அவருக்காக அலைந்தவர் அக்கா ஹிடேகோ.

பெயரும் முகமும் அன்றைய நாளிதழ்களில் இருந்தன. நாலு பேரைக் கொன்றவன், அதில் பிள்ளைகளும் உண்டு. கிராவின் நோட்டில் அன்று முதல் வரியில் அவர்தான் இருந்திருப்பார், நீங்களும் கைதட்டியிருப்பீர்கள். அக்கா யாரிடம் போய் மேல்முறையீடு செய்திருப்பார்? ரியூக்கிடமா? ஜப்பானில் வழக்குக்கு வந்தவர்களில் 99 விழுக்காட்டுக்கு மேல் தண்டிக்கப்படுகிறார்கள், மரண தண்டனையும் நடப்பில் இருக்கிறது. அவ்வளவு கண்டிப்பான ஊரில்கூடத் தீர்ப்பைத் திருத்த ஒரு வழி இருந்தது. அதைத்தான் கிரா அடைக்கிறான்.

இதற்காகத் துப்பறிவாளர் ‘எல்’ என்பவரை ஹீரோவாக்கவும் நான் வரவில்லை. டெய்லரைச் சாகவிட்டவர் அவர். யாகமி வீடு முழுக்க ரகசியக் கேமராக்கள் வைத்தார், எந்த நீதிமன்றத்தையும் கேட்காமல், இரண்டாவது கிரா என்று தான் சந்தேகித்த மிசாவைக் கண்ணைக் கட்டி வாரக்கணக்கில் பிணைத்து வைத்தார். பாதி நேரம் அவருக்கு இது தோற்கக்கூடாத ஒரு விளையாட்டு.

குற்றங்கள் 70 விழுக்காடு குறைந்தன, போர்கள் நின்றன என்பது உங்கள் கடைசி அஸ்திரம். யார் சொன்ன கணக்கு அது? மாட்டிக்கொண்ட பிறகு லைட்டே சொன்னது. உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அதே கதையில் அமெரிக்க அரசே கிராவுக்குப் பணிகிறது. பயத்தில் அடங்கிப்போனதைத் திருந்தியதாக எண்ணிக்கொள்ள என்னால் முடியவில்லை.

எனக்குப் பிடித்தவர் லைட்டின் அப்பா சோய்ச்சிரோ. மிச்ச ஆயுளில் பாதியைக் கொடுத்து முகத்தைப் பார்த்தாலே பெயர் தெரியும் ஷினிகாமியின் கண்களை வாங்குகிறார். எதிரே மாஃபியா கும்பலோடு சேர்ந்த மெல்லோ, நோட்டு அவர் கையில், பெயர் கண்முன்னால். எழுதி முடிக்க அவர் கை வரவில்லை, அந்தத் தயக்கத்திலேயே சுடப்படுகிறார். அவரை ஏமாளி என்று நீங்கள் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

விசாரணைக் குழுவில் உங்கள் கட்சிக்காரர் ஒருவரும் இருந்தார், மட்சுடா. கிரா முழுக்கக் கெட்டவனா என்று சக அதிகாரிகளிடமே வாய்விட்டுக் கேட்டவர். 37ஆவது எபிசோடில் லைட்டைச் சுட்டவர் அவர்தான். உன் அப்பா எதற்காகச் செத்தார் என்று கேட்கிறார். அப்பா மாதிரி நேர்மையானவர்கள் எப்போதும் தோற்கத்தான் செய்வார்கள் என்கிற ரீதியில் பதில் சொல்லிவிட்டு, மற்றவர்களைச் சுடும்படி அவரிடமே கேட்கிறான் லைட். மட்சுடா மறுபடியும் அவனையே சுடுகிறார். என்னோடு வாதாட வருமுன் அந்தக் காட்சியை இன்னொரு முறை போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
இன்னொரு ரசிகன்