வாசலோடு அனுப்பாதீர்கள்

மழலையர் பள்ளிகளை நடத்தும் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். சேர்க்கை நாளுக்கான உங்கள் சுற்றறிக்கையைப் படித்தோம். பெற்றோர் வாசலைத் தாண்டக் கூடாது, குழந்தையை ஒப்படைத்ததும் கிளம்பிவிட வேண்டும் என்கிறீர்கள். வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்களாக நாங்கள் கேட்பது இதுதான்: முதல் சில நாட்கள் அம்மாவோ அப்பாவோ உள்ளே உட்கார அனுமதியுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் மாறாத ஓர் ஆசிரியரைக் கொடுங்கள்.

பிரிவு அச்சம், அதாவது அம்மா அப்பாவை விட்டுப் பிரியும் பயம், சுமார் 8 மாதத்தில் தொடங்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு 3 வயதை ஒட்டித்தான் தணியும். நீங்கள் சேர்ப்பதோ 2 வயதில். ‘நாலு மணிக்கு வருவேன்’ என்பது அந்த வயதுக்குப் புரியாது. ‘சாப்பிட்டு, தூங்கி எழுந்ததும் வருவேன்’ என்றால் புரியும். அதைச் சொல்லக்கூட வாசலில் நேரம் இருப்பதில்லை.

‘அழுவதற்குள் நழுவிவிடுங்கள்’ என்று பெற்றோரிடம் சொல்வது எல்லாவற்றையும்விடக் கெடுதல். திரும்பிப் பார்க்கையில் அம்மாவைக் காணாத பிள்ளை, மறுநாள் கதவை விட்டுக் கண்ணை எடுக்காது. பொம்மை கையில் இருக்கும், விளையாட்டு இருக்காது. சிறுநீரை அடக்கிக்கொள்ளும். சில நாளில் அழுகை நின்றதும் ‘பழகிவிட்டது’ என்று எழுதச் சொல்கிறீர்கள். பழகிய பிள்ளை விழுந்தால் ஆசிரியரிடம் ஓடி வரும். இந்தப் பிள்ளை தானாக எழுந்து, சிராய்த்த முழங்காலைப் பார்த்துவிட்டு, யாரிடமும் போகாமல் நிற்கும்.

செய்ய வேண்டியது கடினமில்லை. பெர்லினில் 1980களில் வகுத்த முறை ஒன்று இருக்கிறது. முதல் 3 நாள் பெற்றோர் பிள்ளையோடு சுமார் ஒரு மணி நேரம் அறையில் இருப்பார். ஓரமாக உட்காருவார், விளையாட்டை நடத்த மாட்டார். 4ஆம் நாள் சொல்லிக்கொண்டு வெளியே போவார், கூப்பிடும் தூரத்தில் இருப்பார், அதிகபட்சம் 30 நிமிடம். ஆசிரியர் தூக்கியும் சில நிமிடத்தில் அழுகை அடங்காவிட்டால் உடனே கூப்பிட வேண்டும். அடுத்த பிரிவைச் சில நாள் தள்ளிப்போட வேண்டும். முதல் பிரிவைத் திங்கட்கிழமை வைக்கக் கூடாது, விடுமுறையில் பழக்கம் விட்டுப்போயிருக்கும். உணவு ஊட்டுவது, உடை மாற்றுவது, தூங்க வைப்பது எல்லாம் அந்த ஒரே ஆசிரியர்.

அந்த ஒருவரைத்தான் ஆள் பற்றாக்குறை என்று வாரம் ஓர் அறைக்கு மாற்றுகிறீர்கள். குறைந்த சம்பளம், அதனால் பாதியில் விலகும் ஆசிரியர்கள். பிள்ளை திரும்பத் திரும்பப் புதுமுகம் பார்க்கிறது. இதற்கு நடுவே ‘பகிர்ந்து விளையாடுகிறதா’ என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். பயந்து நிற்கிற பிள்ளை எதைப் பகிரும்? சிறு குழந்தைக்கு அன்பான, அறுபடாத உறவு வேண்டும் என்று பிரிட்டன் மனநல மருத்துவர் ஜான் பவுல்பி உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிக்கை எழுதியது 1951இல். இன்னும் எத்தனை காலம் இதைக் கேட்டுக்கொண்டே இருப்பது?

கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். இந்தச் சேர்க்கைக்கு முன் அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். எல்லாரையும் ஒரே நாளில் சேர்க்காமல் ஆசிரியர் ஒருவருக்கு வாரம் இரண்டு பிள்ளைகளாகப் பிரித்துக் கொடுங்கள். பெற்றோர் உட்கார ஒரு நாற்காலியும், பிள்ளைக்கு மாறாத ஓர் ஆசிரியரும் வேண்டும். தயவுசெய்து செய்து தாருங்கள்.

இப்படிக்கு,
மழலையர் வகுப்பு ஆசிரியர்கள்