ருத்வெல் சேகரத்துக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

ஸ்காட்லாந்தின் தெற்கில், டம்ஃப்ரீஸிலிருந்து ஆனன் போகும் வழியில், சால்வே கடல்முகத்தை ஒட்டி இருக்கிறது ருத்வெல். ஊர்க்காரர்கள் அதை 'ரிவெல்' என்பார்கள், நீயும் அப்படியே சொல்லி வழி கேள். ஸ்காட்லாந்தில் ஒரு கிராமச் சேகரம், அதாவது ஒரு போதகரின் கீழ் இயங்கும் திருச்சபை வட்டாரம், எப்படி நடந்தது, எதனால் பிளந்தது என்பது அந்தச் சின்ன ஊரிலேயே தெரிந்துவிடும். எதைப் பார்த்தாலும் 'இதற்குக் காசு கொடுத்தது யார்?' என்று கேட்டுக்கொண்டே பார்.

முதலில் ஆலயத்துக்குள் போ. ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் உயரக் கற்சிலுவை ஒன்று தரையில் தோண்டிய குழிக்குள் நிற்கும். 1887-இல் உள்ளே கொண்டுவந்தபோது கூரைக்குள் அடங்காததால் தரையை இறக்கினார்கள். செதுக்கியது எட்டாம் நூற்றாண்டில். விக்கிரகம் என்று சொல்லி 1640-இல் திருச்சபையின் பொதுப்பேரவை அதை அழிக்க உத்தரவிட்டது, 1642-இல் உடைத்தார்கள். 1799-இல் போதகராக வந்த ஹென்றி டங்கன்தான் துண்டுகளைச் சேர்த்து 1818-இல் போதகர் வீடான குருமனையின் தோட்டத்தில் நிறுத்தினார். குறுக்குக் கைகள் 1823-இல் அவர் புதிதாகச் செய்ய வைத்தவை, அவற்றில் பழைய பொருள் தேடாதே. உச்சிக்கல்லையும் முன்பின் மாற்றி வைத்துவிட்டார்கள்.

அகலப் பக்கங்களில் உருவங்களைச் சுற்றி லத்தீன் எழுத்து. ஒடுங்கிய பக்கங்களில் கொடியும் பறவைகளும், அவற்றின் ஓரத்தில் ரூன் என்னும் பழைய வடஐரோப்பிய எழுத்து. அங்கே நிதானமாக நில். மேல்விளிம்பில் ஒரு வரி ஓடும்; பிறகு வலது ஓரத்தில் இரண்டு மூன்று எழுத்தாகத் துண்டு துண்டாகக் கீழே இறங்கும்; அது முடிந்ததும் இடது ஓரம். சொல் நடுவிலேயே முறியும். அதனால்தான் படித்தவர்களே வெகுகாலம் தடுமாறினார்கள். 1840-இல் மொழியறிஞர் ஜான் கெம்பிள் அதைப் பழைய ஆங்கிலக் கவிதையாகப் படித்துக் காட்டினார். ஆண்டவரைத் தாங்கிய சிலுவை மரமே வாய் திறந்து பேசும் கவிதை அது. அந்தக் கவிதையைத் தாங்கிய கல்லை ஒரு சபையே உடைத்தது என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

டங்கன் 1810-இல் அங்கே தொடங்கிய சேமிப்பு வங்கியின் வீடு இப்போது அருங்காட்சியகம். மற்ற வங்கிகளில் கணக்குத் தொடங்க 10 பவுண்டு வேண்டியிருந்த காலத்தில் இவர் 6 பென்ஸ் வாங்கிக்கொண்டார். முதல் ஆண்டில் 151 பவுண்டு சேர்ந்தது. பணப்பெட்டிக்கு மூன்று பூட்டு, ஒருவர் தனியாகத் திறக்க முடியாது.

இனி பிளவு. சேகர ஆலயத்தையும் குருமனையையும் பழுதுபார்ப்பது நிலக்கிழார்கள் பொறுப்பு. 1925 சட்டம் வரும்வரை அப்படித்தான். போதகரை முன்மொழியும் உரிமையையும் 1712 சட்டம் புரவலர்களுக்கு, பெரும்பாலும் நிலக்கிழார்களுக்கு, கொடுத்தது. சபையார் வேண்டாம் என்றாலும் ஆள் வந்து இறங்குவார். இதை எதிர்த்து 1843 மே 18 அன்று எடின்பரோவில் தொடங்கிய வெளியேற்றத்தில் ஏறக்குறைய 1,200 போதகர்களில் 450 பேர் பிரிந்தார்கள். டங்கனும் போனார். ஆலயம், குருமனை, சம்பளம் எல்லாம் போயிற்று, வயது 68. பிரிந்தவர்கள் அமைத்த சுதந்திர சபைக்கு மவுண்ட் கேடாரில் ஆலயம் எழுந்தது. அங்கே அவருக்கு நினைவுத்தூணும் உண்டு. நாடு முழுக்க ஒரே சேகரத்தில் இரண்டு ஆலயம் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். 1929-இல் இரு பெரும் சபைகளும் ஒன்றானபின் பல இடங்களில் ஒரு கட்டடம் மிஞ்சிப்போய் மூடப்பட்டது.

பிறப்பு, இறப்புப் பதிவேடு பார்க்கப் போனால் கவனம். அரசுப் பதிவு தொடங்கியது 1855-இல். அதற்கு முந்தைய சேகர ஏடுகளில் பெரும்பாலும் ஞானஸ்நான நாள்தான் இருக்கும், பிறந்த நாள் என்று எடுத்துக்கொள்ளாதே. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் வரி இருந்ததால் பலருடைய பெயர் விடுபட்டிருக்கலாம். 1843-க்குப் பிறகு ஒரு குடும்பம் திடீரென்று காணவில்லையா? ஊரைவிட்டுப் போனார்கள் என்று எழுதிவிடாதே, சுதந்திர சபையின் ஏட்டைப் பார்.

கல்லறைத் தோட்டத்தில் எழுத்து மங்கியிருந்தால் சாக்பீஸ் தேய்க்காதே, சுரண்டாதே, மணற்கல் உதிர்ந்துவிடும். டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடி, நிழல் விழுந்து எழுத்து எழும்பும். ஆலயம் திறந்திருக்குமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்.

அன்புடன்,
அப்பா