பர்மிங்காமில் இருக்கும் பாப்பாவுக்கு

பாப்பா,

ஆபீஸில் மாதா மாதம் குவிஸ் வைக்கிறார்கள், பாட்டுக்காரர்களைப் பற்றிக் கேள்வி வந்தால் மட்டும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன் என்று போனில் சொன்னாயே, அம்மா சிரித்துவிட்டு அதோடு விட்டுவிட்டாள், எனக்குத்தான் மனசு ஆறவில்லை. பீரோ மேல் ஒரு பெட்டி நிறைய இங்கிலீஷ் கேசட்டைக் கட்டி வைத்திருக்கிறவன் மகள், அதுவும் பர்மிங்காமிலேயே உட்கார்ந்துகொண்டு, தெரியாது என்று கை விரிப்பதா? அதனால்தான் இந்த நீள மெயில். டீ போட்டுக்கொண்டு படி.

ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் எந்த வருஷம் எத்தனை ஆல்பம் போட்டார் என்பதெல்லாம் போனில் தட்டினால் வந்துவிடும். யாருக்கு எத்தனை கல்யாணம், யார் ஓட்டல் ரூமில் டிவியை ஜன்னல் வழியாக எறிந்தார் என்ற கதைகளில் எனக்கு ருசி கிடையாது. எனக்குப் பிடித்ததெல்லாம் பட்டறைக் கதைதான். கையில் இருந்ததை வைத்து எதையாவது செய்து பிழைத்தவர்கள் கதை.

முதலில் உன் ஊர். அங்கே ஆஸ்டன் என்று ஒரு பகுதி இருக்கிறதல்லவா, அந்தப் பக்கத்துப் பையன்கள் நாலு பேர் சேர்ந்ததுதான் பிளாக் சப்பாத் என்ற ராக் குழு. அதில் கிட்டார் வாசித்தவர் டோனி ஐயோமி. பதினேழு வயசில் தகடு வேலை செய்கிற தொழிற்சாலையில் வெல்டர். ஒரு பாட்டுக் குழுவோடு வெளிநாடு போக வாய்ப்பு வந்து, வேலையை விட்டுவிட்டார், அன்றைக்குத்தான் கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், இனிமேல் போகப்போவதில்லை என்றிருக்கிறார். அவருடைய அம்மா, போய் ஒழுங்காக முடித்துக் கொடுத்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார். உன் அம்மாவும் அதைத்தான் சொல்லியிருப்பாள். போனால், தகட்டை அழுத்துகிற மெஷினை ஓட்டுகிற ஆள் வரவில்லை, இவரைப் பிடித்து அதில் நிறுத்தியிருக்கிறார்கள். பழக்கமில்லாத மெஷின். வலது கையில் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டது. அவர் இடது கைப் பழக்கக்காரர், அதனால் கம்பியை அழுத்திப் பிடிக்கிற கை வலது கைதான். அதாவது, போனது வாசிக்கிற விரல்கள்.

இதைப் படித்தபோது எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது, ஏனென்றால் கல்யாணத்துக்கு முன்பு ஓசூர் சிப்காட்டில் நான் நின்றதும் அந்த மாதிரி மெஷினில்தான். பவர் பிரஸ்ஸில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தினால்தான் தகட்டை அழுத்துகிற மேல் அச்சு, அதாவது டை, இறங்க வேண்டும், கை உள்ளே இருக்கக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. ஆனால் பீஸ் கணக்கு ஏற வேண்டுமே, அதற்காக ஒரு பட்டனில் குச்சியைச் சொருகி டேப் சுற்றிவிட்டு, ஒரு கையால் தகட்டைத் தள்ளிக்கொண்டே மறு கையால் அழுத்துவார்கள், சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காத மாதிரி போவார். என் ஷிப்டில் ஒருத்தனுக்கு ஆள்காட்டி விரல் போனது. ஆளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, டையைத் துடைத்து அடுத்த தகட்டை வைத்தார்கள். அந்தக் கம்பெனி பெயர் உனக்கு வேண்டாம். நான் அங்கிருந்து வந்து ராயக்கோட்டை ரோட்டில் சொந்தமாக லேத் போட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, ஐயோமி கதைக்கு வருகிறேன். வாசிப்பதையே விட்டுவிடலாம் என்று வீட்டில் கிடந்தவரைப் பார்க்க ஃபோர்மேன் ஒரு இசைத்தட்டோடு வந்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜாஸ் கிட்டார்க்காரர் வாசித்தது. ஜாங்கோ குடியிருந்த வண்டி 1928இல் தீப்பிடித்து, இடது கையில் இரண்டு விரல் சரியாக வேலை செய்யாமல் போய், மீதி இரண்டு விரலை வைத்தே வாசித்தவர். அதைக் கேட்டதும் இவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பாத்திரம் கழுவுகிற திரவம் வருகிற பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, உருண்டையாக்கி, சால்டரிங் அயனால் ஓட்டை போட்டு, விரலுக்குத் தொப்பி மாதிரி தேய்த்துத் தேய்த்துப் பொருத்தினார். அது கம்பியில் வழுக்கியது, பழைய ஜாக்கெட்டில் தோலை வெட்டி மேலே ஒட்டினார். சாதாரணக் கிட்டார் கம்பி விரலுக்கு வலித்தது, மெல்லிய கம்பி அப்போது கடையில் கிடையாது, பாஞ்சோ என்ற வாத்தியத்தின் கம்பியை மாட்டிப் பார்த்தார். அப்புறம் சுருதியையே இறக்கிக் கம்பியைத் தளர்த்தினார், 1971இல் வந்த ஆல்பத்தில் மூன்று அரைச்சுரம் கீழே போயிற்று. தளர்ந்த கம்பியில் சத்தம் கனத்து வந்தது. இன்றைக்கு மெட்டல் என்கிற ராக் வகை என்றால் நெஞ்சுக்குள் இடிக்கிற அந்தக் கனத்துக்குப் பின்னால் அந்த இரண்டு விரல்களும் இருக்கின்றன. அவருடைய கூட்டாளி ஆஸி ஆஸ்போர்னோ, பாட வருவதற்கு முன்னால் லூகாஸ் தொழிற்சாலையில் கார் ஹாரன் அடித்து டெஸ்ட் பண்ணுகிற வேலை பார்த்தவர். நம்ம சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் இருக்கிறதே, அந்த லூகாஸ்தான். நாள் பூரா ஹாரன் கேட்ட காதுக்கு எந்தச் சத்தமும் பெரிசாகத் தெரிந்திருக்காது என்பது என் கணக்கு.

அடுத்தது குயீன் குழுவின் பிரையன் மே. அந்தக் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி ஜான்சிபாரில் பிறந்த பார்சி, புனே பக்கம் பாஞ்ச்கனியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும், குவிஸில் அதைக் கேட்டால் உனக்கு மட்டும் பாயிண்ட் வராது. கிட்டாரைப் பற்றிக் கேட்டால் கையைத் தூக்கு. கடையில் நல்ல கிட்டார் வாங்க வசதியில்லாமல், 1963இல் அப்பாவும் மகனும் வீட்டிலேயே செய்ய உட்கார்ந்தார்கள், முடிக்க இரண்டு வருஷம் போல ஆயிற்று. கழுத்துக்கு, யாரோ இடித்துப் போட்ட பழைய கணப்பு மேடையின் மஹாகனி மரம். அதில் பூச்சி அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்கள். கம்பியை இழுத்து ஆட்டுகிற பாகத்துக்கு 1928 மாடல் பாந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங் இரண்டு, அதைப் பிடிக்கிற கைப்பிடி சைக்கிள் பை தொங்கவிடும் கம்பி, அதன் நுனியில் அம்மா ஸ்வெட்டர் பின்னுகிற ஊசியின் முனை. கழுத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிகிற வெள்ளை எல்லாம் அம்மாவின் தையல் பெட்டியில் இருந்த முத்துச்சிப்பிப் பொத்தான். மொத்தச் செலவு எட்டு பவுண்டு என்கிறார்கள். 2002இல் ராணி அரண்மனைக் கூரை மேல் நின்று உலகமே பார்க்க அவர் வாசித்தது இதே கிட்டார்தான், அதுவும் கம்பியை மீட்டுகிற பிளாஸ்டிக் பிக் வைத்து இல்லை, பழைய ஆறு பென்ஸ் காசை வைத்து. வால்வு ஸ்பிரிங்கைப் படித்ததும் என் கை சும்மா இருக்கவில்லை, பட்டறையில் கிடந்த புல்லட் ஸ்பிரிங்கை எடுத்து அமுக்கி அமுக்கிப் பார்த்தேன், அந்த இழுப்புக்கும் திரும்புகிற வேகத்துக்கும் அது சரியான தேர்வு. அப்பன்காரர் எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர். கிட்டாரையும் சேர்ந்து செய்து கொடுத்துவிட்டு, மகன் விண்வெளி ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் விட்டு அதே கிட்டாரோடு போனபோது ரொம்ப நொந்துபோனார். மகன் திரும்பிப் போய் 2007இல் டாக்டர் பட்டம் வாங்கினார், பார்க்க அப்பா உயிரோடு இல்லை. (உன் எம்.எஸ். பற்றி நான் ஒன்றும் குத்திக் காட்டவில்லை, கதையை அப்படியே சொன்னேன்.)

பட்டறைக்குச் சம்பந்தமில்லாமல் ஒன்று, நம்ம மெட்ராஸ் என்பதால் சொல்கிறேன். பீட்டில்ஸில் ரிங்கோவுக்கு முன்னால் டிரம்ஸ் அடித்த பீட் பெஸ்ட் 1941இல் மெட்ராஸில் பிறந்தவர். அவருடைய அம்மா மோனா நகையை அடகு வைத்து 1954 டெர்பியில் குதிரை மேல் கட்டி, அது ஜெயித்து, அந்தக் காசில்தான் லிவர்பூலில் பெரிய வீடு வாங்கினார் என்று சொல்வார்கள். அந்த வீட்டு நிலவறையில் நடத்திய காபி கிளப்பில்தான் இந்தப் பையன்கள் வாசித்தார்கள். 1962 ஆகஸ்டில், புகழ் வர இரண்டு மாசம் இருக்கும்போது, பீட்டைக் கழற்றிவிட்டார்கள். அவர் ரொட்டி மூட்டை தூக்கினார், பிறகு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருபது வருஷம் அரசாங்க உத்தியோகம். 1995இல் பழைய பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டபோது அவர் அடித்த பாட்டுகளும் அதில் இருந்ததால் நல்ல காசு வந்தது, ஆனால் அந்த உறையில் இருந்த பழைய போட்டோவில் அவர் முகத்தை மட்டும் கிழித்திருந்தார்கள். எனக்கு இதில் இன்னும் கோபம்தான். மனசு ஆறுகிற மாதிரி இன்னொன்று சொல்கிறேன்: 1967இல் பீட்டில்ஸின் ஒரு இசைத்தட்டை இங்கிலாந்தில் முதலிடத்துக்கு வரவிடாமல் இரண்டாவதிலேயே நிறுத்தியது எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் பாடிய பாட்டு. அந்த நீளப் பெயர் ஒரு ஜெர்மன் இசையமைப்பாளரிடமிருந்து எடுத்துக்கொண்டது, நிஜப் பெயர் ஆர்னால்ட் ஜார்ஜ் டார்சி, அவரும் 1936இல் மெட்ராஸில் பிறந்தவர்தான்.

வான் ஹேலன் என்ற அமெரிக்க ராக் குழு கச்சேரிக்குப் போடுகிற ஒப்பந்தத்தில், மேடைக்குப் பின்னால் வைக்கிற எம் அண்ட் எம் மிட்டாயில் பழுப்பு நிறம் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று எழுதியிருந்தார்களே, அதைத் திமிர் என்று ரொம்ப நாள் ஊரே திட்டியது. பாடகர் டேவிட் லீ ராத் சொன்ன விளக்கம் வேறு. லாரி லாரியாக லைட்டும் இரும்பும் கொண்டுபோகிற குழு, எந்த இடத்தில் எவ்வளவு கனம் தாங்க வேண்டும், கரண்ட் எவ்வளவு வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கும், நடுவில் இந்த மிட்டாய் வரி. கிண்ணத்தில் பழுப்பு கிடந்தால் ஒப்பந்தத்தை எவனும் படிக்கவில்லை என்று அர்த்தம், மேடையை முதலிலிருந்து சரிபார்க்க வேண்டியதுதான். மாரியம்மன் பண்டிகைக்கு நம்ம தெருவில் ஆர்கெஸ்ட்ரா மேடை போட்டபோது சவுக்குக் கட்டையை எப்படிக் கட்டியிருந்தார்கள் என்று நீயே பார்த்தாய், இந்த வரியை அடுத்த வருஷம் கமிட்டியிடம் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

ராஜா சார் இல்லாமல் முடிக்க முடியாது. பிளாக் ஐட் பீஸ் என்ற அமெரிக்கக் குழு 2003இல் போட்ட எலிஃபங்க் ஆல்பத்தில், ஆல்பத்தின் பெயரிலேயே ஒரு பாட்டு இருக்கிறது, அதில் ஓடுவது ஸ்ரீ ராகவேந்திரர் படத்துக்கு இளையராஜா போட்டது. ஹெட்போன் போட்டுக் கேள், முதல் நிமிஷத்திலேயே பிடித்துவிடுவாய்.

ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்தால் பிராட் ஸ்ட்ரீட் போ. அங்கே கால்வாய் மேல் இருக்கிற பாலத்துக்கு 2019இல் பிளாக் சப்பாத் பெயரை வைத்து, நாலு பேர் படத்தோடு ஒரு பெஞ்ச் போட்டிருக்கிறார்கள். அதில் உட்கார்ந்து போட்டோ எடுத்து அனுப்பு, பட்டறையில் ஒட்டப் போகிறேன். அடுத்த குவிஸ் என்றைக்கு என்று முன்கூட்டியே சொல், ஒரு கை போன பிறகும் டிரம்ஸ் அடிக்கிற, ஷெஃபீல்டு குழுவான டெஃப் லெப்பர்டின் ரிக் ஆலன் கதை பாக்கி இருக்கிறது, அவருக்குக் காலால் அடிக்கிற பெடல் செய்து கொடுத்த விதத்தை வரைந்தே காட்ட வேண்டும். புதுப் புளி வந்திருக்கிறது, கொட்டை எடுத்து அனுப்பட்டுமா என்று அம்மா கேட்கிறாள்.

அப்பா