ஸ்லைடைப் பார்த்தார்களா?

திருச்சி
வியாழக்கிழமை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் நேற்று வந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம், மழைதான் விட்டபாடில்லை. உன் மருமகளுக்கு ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் 88 ஆயிரமாகக் குறைந்திருக்கிறது என்று படித்த பிறகு வேறு எதிலும் மனம் நிற்கவில்லை. இரண்டு மாதமாக அதே கவுண்ட், ரத்தக்கசிவு எதுவும் இல்லை, ஸ்டீராய்டு ஆரம்பிக்கலாமா என்று டாக்டர் யோசிக்கிறார் என்று எழுதியிருந்தாய். அதற்கு முன்னால் அவரிடம் ஒன்று கேள்: ரத்தத்தை ஸ்லைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்களா?

அந்தப் பெண் கல்கத்தாப் பக்கம்தானே? வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2002-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ரத்த தானம் செய்ய வந்த மேற்கு வங்காளத்தாரில் பலருக்கு பிளேட்லெட் எண்ணிக்கை குறைவாகவும் ஒவ்வொன்றும் பெரிதாகவும் இருந்தது. உடம்பில் ஒரு குறையும் இல்லை. ஹாரிஸ் சிண்ட்ரோம் என்று இதற்குப் பெயர். நோய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பிறவி அமைப்பு அது.

எலும்பு மஜ்ஜையில் மெகாகேரியோசைட் என்ற ராட்சத செல் இருக்கிறது. அது பிரியாமலே தன் டி.என்.ஏ.வை மட்டும் திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொள்ளும். பிறகு ரத்தக்குழாய்க்குள் நீண்ட இழைகளை நீட்டும். அவை துண்டு துண்டாக அறுந்து பிளேட்லெட் ஆகும். அந்த செல்லை வளர்த்தெடுக்கும் மரபணுக்களில் கேட்டா-1, ரன்எக்ஸ்-1 முக்கியமானவை. என்எஃப்-ஈ2 என்ற இன்னொன்று இல்லாவிட்டால் செல் முற்றினாலும் பிளேட்லெட் வெளிவராது. செல்லின் எலும்புக்கூடு போன்ற புரதங்களில் மாற்றம் வந்தாலோ, துண்டுகள் கொஞ்சமாகவும் பெரிதாகவும் விழும். லேபில் ரத்த அணுக்களை எண்ணும் மெஷினோ அளவைப் பார்த்துத்தான் எண்ணும். அந்தப் பெரிய துண்டுகளைப் பிளேட்லெட் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடும். அதனால்தான் ஸ்லைடு, ஸ்லைடு என்று அடித்துக்கொள்கிறேன்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு லேபில் இருபது வயதுப் பையன் ஒருவன் வருவான். நோய் எதிர்ப்பு சக்தியே பிளேட்லெட்டை அழிக்கிறது என்று முடிவு கட்டி மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். கவுண்ட் ஏறவே இல்லை. பிறகு அவன் அக்காவுக்கும் பார்த்தோம், அதே எண்! குடும்பத்தை முதலிலேயே சோதித்திருக்கலாம் என்று இன்றும் வருந்துகிறேன்.

அதற்காக, பரம்பரை என்றாலே பயமில்லை என்று நினைத்துவிடாதே. எம்ஒய்ஹெச்-9 மரபணுவில் மாற்றம் இருந்தால் பின்னாளில் காதும் சிறுநீரகமும் கெடலாம். ரன்எக்ஸ்-1 மாறியிருந்தால் ரத்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. 1999-இலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதனால் டாக்டரை மீறி எதுவும் செய்ய வேண்டாம். சம்பந்தியம்மாவுக்கும் அவர் மகனுக்கும் ஒரு தடவை கவுண்ட் பார்க்கச் சொல். மருமகளின் பழைய ரிப்போர்ட் ஏதாவது கல்கத்தா வீட்டில் கிடைத்தால் அதையும் டாக்டரிடம் காட்டு.

ரிசல்ட் வந்ததும் போன் செய். ராத்திரி என்றாலும் பரவாயில்லை.

உன்,
கோபால்